பக்கத்துப் பள்ளி பெரிதாகக் கட்டப் போகிறது, எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறீர்கள். தெருக்கோடியில் இருக்கும் தனியார் பள்ளி பழைய கட்டடங்களை இடித்துப் பெரிதாகக் கட்டவும், கூடுதலாக மாணவர்களைச் சேர்க்கவும் நகராட்சியிடம் விண்ணப்பித்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் மனுவை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடலாமா, போட்டால் கட்டுமானம் நின்றுவிடுமா, வீட்டு விலை என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். "பள்ளிக்கூடத்தைப் போய் யாராவது எதிர்ப்பார்களா?" என்ற ஆச்சரியமும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. நியாயம்தான். நம் ஊரில் பள்ளிக்கூடம் பக்கத்தில் வீடு என்றால் புரோக்கர் அதையே பெருமையாகச் சொல்லி விலையைக் கூட்டுவார். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வரி வரியாகப் படித்தால், பள்ளியை நிறுத்தும் எண்ணம் உங்களுக்கு இல்லை. காலை எட்டு மணிக்கு உங்கள் காரை வாசலிலிருந்து வெளியே எடுக்க முடியுமா என்பதுதான் கவலை. அந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. நான் வக்கீல் இல்லை. இந்த மாநிலத்துச் சிறு நகரங்களின் திட்டமிடல் துறையில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பல வருடங்கள் பரிசீலித்தவன். உங்கள் பள்ளியின் கோப்பை நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாக எது உறுதி, எது ஊகம் என்பதைத்தான் பிரித்துச் சொல்ல முடியும். சுருக்கமான பதில்: ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கும் பள்ளியின் விரிவாக்கத்தை அக்கம்பக்கத்தார் முற்றாக நிறுத்திவிடுவது அபூர்வம். தாமதப்படுத்தலாம், சுருக்கலாம், நிபந்தனைகளை எழுத வைக்கலாம். அந்த நிபந்தனைகள்தான் எதிர்ப்பின் உண்மையான பலன். மனு கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்கள். "எதிர்க்கிறோம்" என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்குவது சுலபம், இருபது நிபந்தனைகளை விளக்கிக் கையெழுத்து வாங்குவது கஷ்டம்.

இதில் அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழு, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைத்தால், வகுப்பறைக் கட்டடங்களுக்கு உள்ளூர் நில வகைப்பாட்டு விதிகள் பொருந்தாது என்று தீர்மானித்துவிடலாம். தனியார் பள்ளிக்கு அந்த வசதி கிடையாது. ஆர்-1 எனப்படும் தனிவீட்டுக் குடியிருப்புப் பகுதியில் பள்ளி நடத்த வழக்கமாக 'கண்டிஷனல் யூஸ் பர்மிட்' வேண்டும். பெயரே சொல்கிறது, நிபந்தனையோடு கூடிய அனுமதி. எத்தனை மாணவர், எத்தனை மணிக்குத் தொடக்கம், வருடத்துக்கு எத்தனை மாலை நிகழ்ச்சிகள், வண்டிகள் எந்த வாசல் வழியாக வரவேண்டும் எல்லாமே அதில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன், உங்கள் பள்ளியின் இப்போதைய பர்மிட்டை நகராட்சியிலிருந்து கேட்டு வாங்கிப் படியுங்கள். அது பொது ஆவணம். கேட்டால் தர வேண்டும்.

ஏன் படிக்கச் சொல்கிறேன் என்பதற்கு, அதே வளைகுடாப் பகுதியில் இருக்கும் பாலோ ஆல்டோ நகரில் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. காஸ்டிலேயா என்பது 1907-ல் தொடங்கிய பெண்கள் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை. எம்பார்காடெரோ சாலை ஒரு பக்கம், பிரையன்ட் தெரு இன்னொரு பக்கம், சுற்றிலும் தனிவீடுகள். 2000-ல் நகராட்சி கொடுத்த பர்மிட்டில் மாணவியர் வரம்பு 415. பள்ளி அந்த எண்ணைத் தாண்டிக்கொண்டே போனது. 2013-ல் எண்ணிக்கை 448 என்று வெளியே வந்தது. நகராட்சி சுமார் 2,65,000 டாலர் அபராதம் போட்டு, எண்ணிக்கையை ஆண்டுக்குச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னது. வெறும் 33 பேர் கூடுதல்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 33 பேர்தான் அடுத்த பத்தாண்டுச் சண்டைக்கு விதை போட்டவர்கள்.

2016-ல் பள்ளி மறுபடி வந்தது: வளாகத்தின் ஒரு பகுதியைப் புதிதாகக் கட்ட வேண்டும், நிலத்துக்கு அடியில் கார் நிறுத்துமிடம் வேண்டும், மாணவியரை 540 வரை உயர்த்த வேண்டும். கேட்டது நியாயமா அநியாயமா என்பது இருக்கட்டும். பழைய வரம்பையே மீறியவர்கள் புது வரம்பை மட்டும் மதிப்பார்களா என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள், அதற்குப் பள்ளியிடம் சட்டென்று சொல்ல ஒரு பதில் இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் விரிவாக்கம் வேண்டாம் என்ற அட்டை, அடுத்த வீட்டில் பெண் கல்வியை ஆதரிப்போம் என்ற அட்டை. பள்ளித் தரப்பு இதைப் பெண்களின் கல்வி வாய்ப்பு பற்றிய விஷயமாகப் பேசியது, எதிர்த்தவர்கள் வாக்குறுதி மீறல் பற்றிய விஷயமாகப் பேசினார்கள். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அப்புறம் பிரையன்ட் தெரு. 1982-லேயே சைக்கிளுக்கு முன்னுரிமை கொடுத்து மாற்றப்பட்ட தெரு அது, அமெரிக்காவில் அந்த வகையில் முதலாவது. பள்ளிக்கு வரும் வண்டிகள் அந்த சைக்கிள் பாதையில் குறுக்கிடுமே என்ற பயம் காரணம் இல்லாதது அல்ல.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் வரைவு 2019-ல் வந்தது. எல்லா வண்டிகளையும் நிலத்தடி நிறுத்தம் வழியாக விட்டால் வெளியேறும் பக்கத்துத் தெருவில் போக்குவரத்துப் பாதிப்பைத் தவிர்க்க முடியாது என்று அது சொன்னது. பள்ளி திட்டத்தை மாற்றியது. மாணவியரை இறக்கிவிடும் இடங்களைப் பிரித்தது, இடிப்பதாக இருந்த தனக்குச் சொந்தமான வீடுகளை விட்டுவைத்தது. 2020-ல் வந்த இறுதி அறிக்கையில் அந்தப் பாதிப்பு நீங்கியது. 2021 மார்ச்சில் நகரசபை திட்டத்தை இன்னும் திருத்தி வரச் சொல்லித் திருப்பி அனுப்பியது. மரங்கள், கட்டடப் பரப்பளவு, நிலத்தடி நிறுத்தத்தைப் பரப்பளவுக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று ஒவ்வொன்றும் ஒரு தனி வழக்காடல். கடைசியில் 2022 ஜூனில் அனுமதி கிடைத்தது. ஆனால் எப்படி? முதலில் 450 மாணவியர் மட்டும். வண்டிகளின் வரத்து கூடவில்லை என்று எண்ணிக் காட்டினால்தான் படிப்படியாக 540 வரை. நிலத்தடி நிறுத்தமும் முதலில் கேட்டதைவிடச் சுருங்கியது.

ஆறு வருடப் போராட்டத்தில் அக்கம்பக்கத்தார் தோற்றார்களா? பள்ளிக்குக் கட்ட அனுமதி கிடைத்துவிட்டது, அந்த வகையில் தோல்விதான். ஆனால் பள்ளி முதலில் கேட்டதையும் கடைசியில் பெற்றதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டிகளை எண்ணித்தான் மாணவியரைக் கூட்ட முடியும் என்பது சாதாரண நிபந்தனை அல்ல. அது வந்தது மனுவில் இருந்த கையெழுத்துகளால் மட்டுமல்ல. வருடக் கணக்கில் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்து, பள்ளி சமர்ப்பித்த கணக்குகளைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்த ஒரு சிலர் இருந்தார்கள்.

சரி, உங்கள் வாசலுக்கு வருவோம். காலை இறக்கிவிடும் நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். அனுபவத்தில் பிற்பகல்தான் மோசம். காலையில் வண்டி வரும், கதவு திறக்கும், குழந்தை பையோடு குதிக்கும், வண்டி கிளம்பும், ஒரு நிமிடம்கூட ஆகாது. பிற்பகலில் பெற்றோர் மணி அடிப்பதற்கு இருபது நிமிடம் முன்னாலேயே வந்து வரிசையில் நின்றுகொள்வார்கள். எஞ்சின் ஓடும், ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மணி அடிக்கும்வரை வரிசை ஒரு அடிகூட நகராது. ஒரு வண்டிக்கு இடைவெளியோடு சேர்த்து 25 அடி வைத்துக்கொண்டால் நாற்பது வண்டிக்கு ஆயிரம் அடி. பள்ளி வளாகத்துக்குள் வரிசை நிற்க எத்தனை அடி இருக்கிறது என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். அறுநூறு அடிதான் என்றால் மீதி நானூறு அடி தெருவில்தான் நிற்கும், அதாவது உங்கள் வாசலை மறித்துக்கொண்டு. பெரிய பெரிய போக்குவரத்து அறிக்கைகளில் இந்தக் கணக்கு ஒரு அட்டவணையின் மூலையில் கிடக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. என்னிடம் வரும் அறிக்கைகளில் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

வாதத்தை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதும் முக்கியம். இங்கேதான் நல்ல எதிர்ப்புகூட வீணாகப் போகிறது. 'சீக்வா' என்று சுருக்கமாகச் சொல்லும் கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1970-ல் வந்தது. அரசாங்கம் கட்டுவதற்கு மட்டுமல்ல, அரசு அனுமதி தேவைப்படும் தனியார் திட்டங்களுக்கும் அது பொருந்தும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1972-ல் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தாரின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான். ஆனால் 2020 ஜூலையிலிருந்து, சிக்னலில் கூடுதலாக எத்தனை விநாடி நிற்க வேண்டியிருக்கிறது என்பதை இந்தச் சட்டம் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கருதுவதில்லை. மொத்தம் எத்தனை மைல் வண்டி ஓடுகிறது என்பதுதான் இப்போது அளவுகோல். "டிராஃபிக் ஜாம் ஆகும்" என்று சுற்றுச்சூழல் அறிக்கைக்குப் பத்துப் பக்கம் எழுதினால், அது சட்டப்படி கணக்கில் வராது என்று ஒரு வரியில் பதில் வரும். அதே விஷயத்தை யூஸ் பர்மிட்டின் கீழ் எழுதுங்கள். இந்தப் பயன்பாடு அக்கம்பக்கத்துக்குத் தீங்கு செய்யாது என்று நகராட்சி அங்கே காரணத்தோடு எழுத வேண்டியிருக்கும். உங்கள் வாசலில் நிற்கும் வரிசை அங்கே எடுபடும்.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம். நிபுணராக இருந்தால்தான் பேச முடியும் என்பதில்லை. தொழில்நுட்பம் அல்லாத விஷயங்களில், அங்கேயே குடியிருப்பவர் நேரில் பார்த்ததைச் சொன்னால் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று கலிஃபோர்னிய நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2015-ல் சான்டா கிளாரா கவுன்டி சம்பந்தப்பட்ட, திருமண விழாச் சத்தம் பற்றிய ஒரு வழக்கில் இது தெளிவாகவே வந்தது. ஆனால் பயத்தைச் சொல்வது வேறு, பார்த்ததைச் சொல்வது வேறு. "குழந்தைகள் உயிருக்கே ஆபத்து" என்பது பயம். "பள்ளி நாள்களில் மூன்று மணிக்கு வரிசை மூலைவரை நீள்கிறது, சைக்கிளில் வருபவர்கள் எதிர்த் தடத்துக்கு ஒதுங்குகிறார்கள், இதோ தேதியோடு படங்கள்" என்பது சான்று.

உங்கள் பள்ளி மதம் சார்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் கூடுதல் கவனம் வேண்டும். 2000-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, தக்க காரணம் இல்லாமல் நில விதிகளைக் காட்டி மத நிறுவனங்களை முடக்குவதைத் தடுக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் மமரோனெக் என்ற ஊரில் யூதர்களின் பகல் பள்ளி ஒன்று விரிவாக்கம் கேட்டது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், உள்ளூர் வாரியம் 2003-ல் மறுத்தது. வாரியம் சொன்ன காரணங்களுக்கு ஆதாரம் இல்லை, செல்வாக்குள்ள சில அண்டை வீட்டாரின் எதிர்ப்புக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டது என்று நீதிமன்றம் கண்டது. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளி பக்கமே நின்றது. கடைசியில் ஊராட்சி 47,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உங்கள் நகரசபையின் வக்கீலுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட பள்ளியாக இருந்தால் முழு மறுப்பைக் கேட்டு மல்லுக்கட்டுவது வீண்.

நடைமுறையில் தவறவிடக் கூடாத கெடுக்கள் சில. யூஸ் பர்மிட் விசாரணைக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே, 300 அடி சுற்றளவில் சொத்து வைத்திருப்பவர்களுக்குத் தபாலில் அறிவிப்பு வர வேண்டும் என்பது மாநில விதி. சில நகரங்கள் இன்னும் தூரம்வரை அனுப்பும். சுற்றுச்சூழல் அறிக்கையின் வரைவு வந்தால் கருத்துச் சொல்ல வழக்கமாக 45 நாள். இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நகராட்சி முடிவெடுக்கும் முன் யாராலும் எழுப்பப்படாத ஒரு குறையைப் பின்னால் நீதிமன்றத்தில் புதிதாக எழுப்ப முடியாது. வழக்குப் போடும் நாளுக்காக நல்ல பாயிண்டைப் பதுக்கி வைப்பது சினிமாவில்தான் பலிக்கும். முடிவுக்குப் பிறகு நகராட்சி அதற்கான அறிவிப்பைப் பதிவு செய்தால், சுற்றுச்சூழல் சட்டப்படி வழக்குத் தொடுக்க 30 நாள்தான். அந்தக் கட்டத்தில் என் போன்றவர்களின் யோசனை போதாது, இதையே தொழிலாகச் செய்யும் வக்கீல் வேண்டும், செலவும் சிறியதல்ல.

மனு விஷயத்துக்கு வருகிறேன். முந்நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு பக்கம், எங்கள் மேஜையில் ஒரே ஒரு கடிதமாகத்தான் கோப்பில் ஏறும். நகரசபை உறுப்பினர்களுக்கு அது அரசியல் சமிக்ஞை, அந்த அளவில் பயன் உண்டு. ஆனால் மனுவில் "வேறு இடத்துக்குப் போகட்டும்" என்று இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். காஸ்டிலேயா விஷயத்திலும் இந்த வாதம் திரும்பத் திரும்ப வந்தது. பள்ளி எங்கே இருந்தால் நல்லது என்று தீர்மானிப்பது சபையின் வேலை இல்லை, முன்னால் இருக்கும் விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா திருத்துவதா என்பதுதான் வேலை. அதற்குப் பதில் தனியாக ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மாணவர் எண்ணிக்கையைச் சொந்தக் கணக்காக இல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் வெளியார் ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். காலையும் பிற்பகலும் வாசலில் வரும் வண்டிகளை எந்திரம் வைத்து எண்ணி, எண்ணிக்கையை ஊருக்கு வெளியிட வேண்டும். வரம்பு மீறினால் அபராதத்தோடு நிற்காமல் அடுத்த ஆண்டுச் சேர்க்கையே தானாகக் குறைய வேண்டும். இந்தக் கடைசி ஒன்றுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கட்டணம் வாங்கும் பள்ளிக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு, சேர்க்கை குறைவதுதான் உறைக்கும். கட்டுமானக் காலத்தையும் மறக்காதீர்கள். லாரி வரும் வழி, வேலை தொடங்கும் நேரம், தொழிலாளர்கள் வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். விரிவாக்கம் முடிந்த பிறகான நாள்களைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள், நடுவில் வரும் இரண்டு மூன்று வருடத் தூசியும் இரைச்சலும் யார் நினைவிலும் இருக்காது.

வீட்டு விலை பற்றிக் கேட்டீர்கள். விலை சரியும் என்று எதிர்ப்பவர்களும், ஏறும் என்று பள்ளியும் சொல்வார்கள். இரண்டையும் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு நேர் எதிர் வீட்டுக்கும் நாலு வீடு தள்ளி இருக்கும் வீட்டுக்கும் ஒரே விளைவு இருக்காது. விசாரணையில் விலை வாதத்துக்கு மதிப்பும் குறைவு. வண்டி வரத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் பத்து வருடம் கழித்தும் அமலில் இருக்குமா என்பதும் சந்தேகத்துக்குரியதே. நகராட்சியில் ஆள் மாறுவார்கள், பள்ளியில் முதல்வர் மாறுவார், கோப்பு அலமாரிக்குப் போய்விடும். வருடாந்தர அறிக்கை வந்ததா என்று கேட்டு மின்னஞ்சல் போடும் ஒருவர் தெருவில் இருக்கும்வரைதான் அந்த நிபந்தனைகளுக்கு உயிர். மனு தூக்கி வந்தவர்களில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களோடு சேருங்கள்.

கடைசியாக, இரண்டு வருடத்தில் மகளை அதே பள்ளியில் சேர்க்கும் எண்ணமும் இருக்கிறது, கடிதம் எழுதினால் அது பாதிக்குமா என்று தயக்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதும் கடிதம் பொது ஆவணம்தான், பள்ளியும் அதைப் படிக்கும். ஆனால் "விரிவாக்கத்தை எதிர்க்கவில்லை, இந்த நிபந்தனைகளோடு ஆதரிக்கிறேன்" என்று பெயர் போட்டு எழுதும் அண்டை வீட்டுக்காரரைத்தான் பள்ளி நிர்வாகம் தேடிக்கொண்டிருக்கும். விசாரணைக்கு முன்பே உங்களைக் கூப்பிட்டுப் பேசினாலும் ஆச்சரியமில்லை. பேசுங்கள். அங்கே ஒப்புக்கொண்டதை எழுத்தில் நகராட்சிக்கும் அனுப்பச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக நிற்கும் எதுவும் பர்மிட்டில் ஏறாது.